குறுக்கே போகாத இழை

"மேடம், ஒரு முக்கா மணிக்கூர்தான். எனக்க ஸ்பெசிமனைக் கொஞ்சம் பாத்துக்கிடணும். ரெண்டு மூணு நிமிசத்துக்கு ஒருக்க தண்ணி தெளிச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு, கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி ரெஜின் சாமுவேல் படியிறங்கிப் போனான். "சரி, பாத்துக்கிடுதேன். போயிட்டு வாங்க" என்றாள் செண்பகவடிவு. அந்த வாங்க போங்க எல்லாம் வாயோடு சரி. அவன் வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடமாக மனதுக்குள் அவன் இவன்தான். மணி இரண்டு பத்து. உடற்கூறியல் துறையின் பின்னறையில் அவளும், தலைக்குமேல் ஒரு மின்விசிறியும், வெள்ளைத் தட்டில் ஊசிகள் குத்தி நிறுத்தப்பட்ட ஒரு மனித மூளையும், அதைக் குறிபார்த்தபடி ஸ்டாண்டில் ஒரு கேமராவும் இருந்தார்கள். ஆமாம், இருந்தார்கள், இருபத்தாறு வருடம் இந்த அறையில் கழித்தவளுக்கு மேசைமேல் இருப்பது எப்போதுமே ஓர் ஆள்தான். இந்த ஆள் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. உடலைக் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர். மகள் வந்து கையெழுத்துப் போட்டபோது அழாமல் நின்றாள். அப்படிப்பட்டவருடைய மூளை இவனுக்கு 'எனக்க ஸ்பெசிமன்'. எனக்க! நேற்று முளைத்தவன். அவள் கையில் சிரிஞ்சைக் கொடுத்துத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போகிறான். அட்டெண்டர் லீவு என்றால் அசோசியேட் புரொபசர் தெளிக்க வேண்டியதுதானே, அதிலென்ன. கையை நீட்டி வாங்கிக்கொண்டது அவள்தானே, அதையும் சொல்லவேண்டும்.

சிரிஞ்சை அழுத்தினாள். தண்ணீர் சிறுமூளையின் மடிப்புகளில் இறங்கி நடுமூளைப் பக்கம் ஓடியது. நன்றாகத்தான் செய்திருக்கிறான். இதை ஒத்துக்கொள்ளும்போதே அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஃபார்மலினில் ஊறிய மூளையைக் கழுவி, ஐஸ்கிரீம் கடைக்காரர்கள் வைத்திருக்கும் அந்தப் பெட்டியில் பத்து நாள் உறையவைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் பனியாகி இழைகளை ஒன்றுக்கொன்று விலக்கிவிடும். பிறகு உருகவைத்து, கத்தியைத் தொடாமல், குச்சியால் இழை இழையாக உரிக்க வேண்டும். மற்ற ஊர்களில் மரத்தகடு வைத்து உரிக்கிறார்கள். இங்கே தென்னை ஈர்க்கு. அது யார் கண்டுபிடித்த வித்தை? செண்பகவடிவு கண்டுபிடித்தது. வீட்டில் புது விளக்குமாறு வாங்கிய அன்று, ஓர் ஈர்க்கை உருவி நுனியைப் பிளேடால் சீவிப் பார்த்தாள். இழையைக் காயப்படுத்தாமல் வளைந்துகொடுத்தது. இப்போது தட்டின் ஓரத்தில் ரெஜினுடைய ஈர்க்குகள் ஐந்து, சீவி, வரிசையாகக் கிடக்கின்றன. கேட்டானா? கேட்கவில்லை. பார்த்துக்கொண்டான். அந்த ஈர்க்கால்தான் சிறுமூளையிலிருந்து கிளம்பும் பெரிய பாதையை முழுசாக எடுத்துவிட்டான். சிறுமூளைக்குள் பல் பல்லாக மடிந்து கிடக்கும் சாம்பல் கருவிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, நடுமூளைக்கு வந்ததும் வலது பக்கத்து இழைகள் இடது பக்கமாகவும் இடது பக்கத்தவை வலது பக்கமாகவும் குறுக்கே தாண்டி, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற கருவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பெருமூளைக்கு. பெருமூளை அனுப்பும் சேதியும் அப்படித்தான். கீழே பான்ஸ் என்ற பாலம் வரைக்கும் வந்து, அங்கே குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்கத்துச் சிறுமூளைக்குள் போகும். வலது சிறுமூளைக்கு இடது பெருமூளைதான் கூட்டாளி. தாண்டாமல் ஒன்றுமில்லை என்று எத்தனை வருடம் கரும்பலகையில் பெருக்கல் குறி போட்டு நடத்தியிருக்கிறாள். ஆனால் இந்தத் தட்டில், வலது பக்கத்தில், எல்லாரும் தாண்டுகிற இடத்தில் தாண்டாமல், பூ கட்டும் நூல் கனத்தில் ஒரு கற்றை, தன் பக்கத்திலேயே நேராக மேலே போகிறது. அதைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து காமாட்சிநாதன் வருகிறார், பெரிய மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். தம்முடைய படத்தொகுப்பில் அதைச் சேர்க்கப்போகிறாராம். அவரைக் கூட்டிவரத்தான் இவன் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கீழே பெயர் போடுவார்கள். பிரிப்பு: ரெஜின் சாமுவேல்.

பெயர். அவளுக்கு என்ன குறை, பெயர் இருக்கிறதே, கதவில் தகரப் பலகையில் இருக்கிறது. மாணவர்கள் அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். அவனைக் கண்டால் சிரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் அவளுக்குத் தெரியாதா என்ன? போன மாதம் அவள் அவன் வகுப்பைத் தாண்டிப் போனபோது உள்ளிருந்து குரல் கேட்டது: "பூ கெட்டும்பம் வெரலப் பாப்பீங்களா? டிவியப் பாத்துக்கிட்டே கெட்டலாம். முடிச்சு தானா விழும். யாரு போடுகா? சிறுமூள." கைதட்டல். அது அவளுடைய பூ! அவளுடைய முடிச்சு! முதல்முதலில் வகுப்பெடுக்கப் போன வருடம், நடுங்கிக்கொண்டே போய், பேச ஒன்றும் வராமல், தலையிலிருந்த பிச்சிப்பூவைத் தொட்டபோது வந்த உதாரணம் அது. அவள் சொன்னபோது ஒருவரும் தட்டவில்லை, குறித்துக்கொண்டார்கள். இவனுக்கு யார் சொன்னது? அவளிடம் படித்தவன் எவனோ சொல்லியிருப்பான். அதோடு விட்டானா? சிறுமூளை கைகாலை மட்டும் பார்ப்பதில்லை, பேச்சு, யோசனை, கோபதாபம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து பெருமூளைக்கு வழி போகிறது என்று இப்போதெல்லாம் நிரூபிக்கிறார்களாம். கை நினைத்த இடத்துக்குச் சரியாகப் போகிறதா என்று திருத்துவதுபோல நினைப்பையும் திருத்துமாம். அப்படியென்றால் பொறாமையையும் திருத்துமா? நான்கு வருடமாக அவளுடைய சிறுமூளை எங்கே போய்த் தொலைந்தது? மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் அது. நரம்பணுக்களை எண்ணினால் பாதிக்குமேல் அதற்குள்தான் அடைந்து கிடக்கின்றன. ஆனாலும் பெயர் என்னவோ சிறுமூளை. பின்னால் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டே இருப்பதற்குக் கிடைக்கும் பட்டம் அது. மூக்கு எரிந்தது. ஃபார்மலின்தான். கண்ணில் நீர் வந்தது. அதுவும் ஃபார்மலின்தான் என்று வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் அதைப் பார்த்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை, ஏன், தன்னிடமே சரியாகச் சொன்னதில்லை. முப்பத்தைந்து வயது. இதே மேசை. ஒரு பீடித் தொழிலாளியின் மூளை. மூன்று வாரமாக உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் நடுமூளையில், எல்லாம் குறுக்கே தாண்டுகிற இடத்தில், ஈர்க்கின் நுனியில் ஒரு சின்னக் கற்றை தாண்டமாட்டேன் என்று நின்றது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அதன்பின்னாலேயே போனாள். அது தன் பக்கமாகவே ஏறித் தலாமஸுக்குப் போய்விட்டது. எழுந்து ஓடினாள். அப்போது துறைத்தலைவர் ராஜசேகரமூர்த்தி. மதியச் சாப்பாட்டை முடித்துப் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சிரித்தார். "ஏம்மா, குச்சி போன வழியெல்லாம் நரம்புன்னு சொல்லுவியா?" அவ்வளவுதான். இந்த வேலையில் எல்லாரும் பயப்படுகிற தப்பு அது. ஈரமான இழை எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும்; நினைப்பு ஒரு பக்கம் போனால் குச்சியும் அந்தப் பக்கம் போகும்; இல்லாத பாதையைக் கையே உண்டாக்கிவிடும். கை அறியாமல் இழுத்துவிட்டதோ? அன்று இரவு முழுக்க இதே கேள்வி. காலையில் வந்து அந்த மூளையை ஜாடியில் இட்டு, மூடி, மெழுகு வைத்து, தன் கையாலேயே லேபிள் எழுதினாள்: நாற்பத்தேழு, தவறான பிரிப்பு, மாணவர்கள் கவனத்துக்கு. அழிந்துவிடாதிருக்க மேலே வார்னிஷ் வேறு பூசினாள். அவர் எழுதச் சொல்லவில்லை. அவளாகத்தான் எழுதினாள். அப்புறம் சில வருடம் கழித்து வெளிநாட்டில் யாரோ அந்தத் தாண்டாத கற்றையைப் படம்போட்டுக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை ஊர்ச்செய்தி படிப்பதுபோலப் படித்தாள். மூடி வைத்தாள். நாற்பது அடி தூரத்தில் மியூசியம். போய் ஜாடியை எடுத்துப் பார்க்கவில்லை.

மணி இரண்டு பதினெட்டு. தெளித்தால் என்ன, தெளிக்காவிட்டால் என்ன? இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து உட்கார்ந்துகொண்டது. விசிறி ஓடுகிறது. பத்து நிமிடம் விட்டால் வெள்ளை இழை மங்கும். கால் மணி நேரம் விட்டால் ஓரம் சுருளும். அந்த நூல் கனத்துக் கற்றை எல்லாவற்றுக்கும் முன்னால் காய்ந்து, எழும்பி, ஒடிந்துவிடும். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். அதுதான் அதில் உள்ள சுகம். போன் வந்தது என்று சொல்லலாம். முதல்வர் கூப்பிட்டார் என்று சொல்லலாம். "ஐயோ ரெஜின், ஒரு அஞ்சு நிமிசம்தான் வெளிய போனேன்" என்று சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. சீ. செத்தவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன மூளை. அதனாலென்ன, ஜாடிக்குள் இருக்கிற பீடித் தொழிலாளியும் கொடுத்துவிட்டுப் போனவர்தான், அவருடையதைப் படமெடுக்க யார் வந்தார்? ஒருவரும் வரவில்லை. வராமல் போகட்டும். இதையும் பார்க்க வேண்டாம். அவள் சிரிஞ்சைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள். நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே நாவல் மரத்தடியில் முதல் வருடப் பிள்ளைகள் இரண்டு பேர் எலும்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். வலதா இடதா, வலதா இடதா. அந்தப் பெண் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும், பையன் தலையில் அடித்துக்கொண்டான். முப்பத்தைந்து வயதில் அவளுக்கு நல்ல கை. எல்லாரும் சொல்வார்கள், ராஜசேகரமூர்த்திகூட ஒருமுறை சொல்லியிருக்கிறார், கை நல்ல கை, தலையைத்தான் கொஞ்சம் அடக்கணும் என்று. அடக்கினாள். பத்தொன்பது வருடம் அடக்கியதில் அடங்கிப்போயிற்று. ரெஜினிடம் யாரும் அடக்கச் சொல்லவில்லை. ஆண்பிள்ளை என்பதாலா? காலம் மாறிவிட்டதாலா? அல்லது அவனிடம் யாராவது சொல்லி, அவன் "போங்க சார்" என்று சிரித்துவிட்டானா? அப்படித்தான் இருக்கும். அதை நினைத்தால்தான் வயிறு அதிகமாக எரிகிறது. கற்றைக்காகக்கூட இல்லை. "போங்க சார்" என்று அவளும் சொல்லியிருக்கலாம். நாக்கில் இரண்டு சொல். வராமல் போயிற்று. அப்படிச் சொல்லியிருந்தால், அடுத்த மூளையை எடுத்து, இடது பக்கமும் உரித்து, வெறும் குச்சி வழியா நிஜ வழியா என்று நூல் பிடித்துப் பார்த்து, எழுதி, அனுப்பி... அப்படியே போனால் எங்கெங்கோ போகிறது நினைப்பு, மேடை, மைக், படத்துக்குக் கீழே பெயர், முன்வரிசையில் ரெஜின் உட்கார்ந்து கைதட்டுகிறான், அவள் அவனைப் பார்க்காததுபோல...

விரல் நுனி ஜில்லென்றிருந்தது. குனிந்து பார்த்தாள். சிரிஞ்சு கையில் இருந்தது. நாற்காலி தட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மூளை ஈரத்தில் மினுங்கியது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிக்குமேல் காலி. கடிகாரத்தில் இரண்டு நாற்பத்தொன்று. எப்போது திரும்பினாள்? எப்போது எடுத்தாள்? ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவையாவது தெளித்திருக்க வேண்டும். இழையின்மேல் நேராக அடிக்காமல், மேட்டில் விட்டு, தானாக இறங்கும்படி, எப்படித் தெளிக்க வேண்டுமோ அப்படி. அவள் இங்கே உட்கார்ந்து ஒருத்தன் குடியைக் கெடுக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருக்க, அவளுடைய கை அவளைக் கேட்காமலேயே அவனுக்கு வேலை பார்த்திருக்கிறது. இருபத்தாறு வருடத்துப் பழக்கம். முடிச்சு தானாக விழுந்திருக்கிறது. அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம். தன் கையையே அடிக்கவேண்டும்போல இருந்தது. உனக்கும் அவன்தான் பெரிசா? அப்படியென்றால் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்கிறேன், அப்போது என்ன செய்வாய் பார்க்கலாம் என்று சிரிஞ்சை வைத்துவிட்டு ஈர்க்கு ஒன்றை எடுத்தாள். அவனுடையதில் ஒன்று. நுனி நன்றாகச் சீவியிருந்தது, அதற்கும் ஓர் எரிச்சல். வலது பக்கம் குனிந்தாள். அந்தக் கற்றைக்கு அடியில் நுழைத்து ஒரு சுண்டு. அவ்வளவுதான். சிறுமூளை கெட்டவர்களுக்கு, எட்டவேண்டிய பொருளை நெருங்க நெருங்கக் கை நடுங்கும், தூரத்தில் நடுங்காது. இவளுக்கு நடுங்கவில்லை. நெருங்க நெருங்க நேராகப் போனது கை. நுனி கற்றையின் ஓரத்தைத் தொட்டது. தொட்ட பிறகு, அவளுக்கே தெரியாமல், ஒரு வேலை செய்தது: சுண்டாமல், இழை போகும் திசையில் லேசாகத் தடவிப் பார்த்தது. கிளையா, ஒட்டா, இழுத்த வழியா? இல்லை. இழைகள் வேரிலிருந்து ஒன்றாகவே கிளம்பி வந்தன. நடுவில் எந்த இடத்திலும் கிழிசலில்லை. உண்மையான பாதை. அவளுக்கு அந்தத் தொடுகை தெரியும். பத்தொன்பது வருடத்துக்கு முன் இதே நுனியில் இதே வழவழப்பு. அன்றும் கிழிசல் இல்லை. அன்றே அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

படியில் செருப்புச் சத்தம். ஈர்க்கை வரிசையில் வைப்பதற்குள் ரெஜின் உள்ளே வந்துவிட்டான், பின்னாலேயே காமாட்சிநாதன், வெள்ளை முழுக்கைச் சட்டை, சிரிக்காத முகம். வணக்கம் சொன்னதும் சொல்லாததுமாகத் தட்டின்மேல் குனிந்தார். செண்பகவடிவு தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அழகா இருக்கு. ஆனா ரெஜின், ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். "இது நிஜமான இழைதானா, இல்ல உங்க குச்சி இழுத்துட்டுப் போன வழியா?"

அன்று ராஜசேகரமூர்த்தி கேட்ட அதே கேள்வி. ரெஜின் சிரிக்கவில்லை. "போங்க சார்" என்றும் சொல்லவில்லை. காதுமடல் சிவந்து அவளைப் பார்த்தான். பயந்துபோன முகம். அதைப் பார்க்க நான்கு வருடமாக ஆசைப்பட்டிருக்கிறாள்.

"சார், இது ஒண்ணு மட்டும்னா நானும் நம்ப மாட்டேன்" என்றான். "நம்ம மியூசியத்துல நாப்பத்தேழாம் நம்பர்னு ஒரு ஜாடி உண்டு. பத்தொம்பது வருசம் முந்தி மேடம் பிரிச்சது. அதுலயும் இதே கற்றை, இதே எடத்துல கெடக்கு. அதப் பாத்த பொறவுதான் சார், நான் இங்க தேடவே செய்தேன்."

"ஜாடியில என்ன எழுதியிருக்கு?"

ரெஜின் தரையைப் பார்த்தான். "தவறான பிரிப்புன்னு எழுதியிருக்கு சார்."

காமாட்சிநாதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க டாக்டர். உங்க கைதானே. தப்பா, சரியா?"

தப்பு என்று ஒரு வார்த்தை. சொன்னால் ஜாடியும் போகும், தட்டும் போகும், இவன் காதுமடல் இன்னும் சிவக்கும். பொறுப்பான, அடக்கமான பதில். அவளுடைய கையெழுத்தே சாட்சிக்கு இருக்கிறது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. திருடன், அவளுடைய ஜாடியைப் பார்த்துத் திருடியிருக்கிறான், இல்லை, திருடினவன் இப்படிச் சபையில் சொல்வானா, சொல்லிவிட்டானே, அதையும் அவனே முந்திக்கொண்டானே, பெருந்தன்மையிலும் அவனுக்குத்தான் முதலிடமா? எரிச்சல் தீரவேயில்லை. ஆனால் விரல் நுனியில் அந்த வழவழப்பு இன்னும் இருந்தது. அதைப் பொய்யென்று ஒருமுறை சொல்லியாயிற்று. இன்னொரு தடவை சொல்ல அவளால் முடியவில்லை.

"பிரிச்சது சரிதான்" என்றாள். "லேபிள்தான் தப்பு. அது நான் பயந்துபோயி எழுதுனது."

ரெஜின் வாயைத் திறந்தான். அவன் நன்றி சொல்லிவிடுவானோ என்று பயந்து, அவன் கையில் சிரிஞ்சைத் திணித்தாள். "ஜாடிய எடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் நீங்க தெளிங்க. உங்கது காயுது பாருங்க."

மியூசியத்தில் விளக்கு எரியவில்லை. மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. தேட வேண்டியிருக்கவில்லை. குனிந்து ஜாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஃபார்மலின் லேசாக மஞ்சளித்திருந்தது, மூளை அப்படியே இருந்தது. நடுமூளையில் அந்த நூல், அவனுடையதைவிடக் கொஞ்சம் கனமாக, கொஞ்சம் நீளமாக. ஆமாம், நீளம்தான். அளந்தே காட்டலாம். ராஜசேகரமூர்த்தி மேலே ஒரு கோபம் வந்தது, ரெஜின் மேலே இருந்தது இருந்தபடியே இருந்தது. ஆனால் நெஞ்சை அதிகமாக அறுத்தது, இதை உரித்துவிட்டு எழுந்து ஓடினாளே அந்த முப்பத்தைந்து வயதுக்காரி, அவள். என்ன கை அவளுக்கு! அப்படி ஒரு கை இருந்தும் கொண்டுவந்து இங்கே அடைத்துவைத்தாளே பாவி. ஜாடியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, இவர்கள் முன்னால் போவதற்குள் அந்த லேபிளையாவது கிழித்துவிடலாம் என்று கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். வரவில்லை. இன்னொரு ஓரம். அதுவும் வரவில்லை. நகம் ஒடிந்ததுதான் மிச்சம். பசை தடவி, அழுத்தி, காயவிட்டு, மேலே இரண்டு கோட்டிங் வார்னிஷ். எந்த வேலையையும் அவள் அரைகுறையாகச் செய்தவளில்லை.